மார்க்கண்டர் வீட்டுப் பசை

அடுத்த கிழமை வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் இன்று நாலு மணிக்கே வருகிறார்கள் என்று செய்தி வந்தபோது, மார்க்கண்டரின் வலது கால் வீட்டு ஹோலின் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாபிள் கல் பதிப்பதற்காகப் பழைய பிளாஸ்ரிக் காப்பெற் விரிப்பை உரித்தாயிற்று. அடியிலிருந்த பசைதான் நிலத்தை விடவில்லை.

"ஆறுதலாச் சுரண்டவேணும் ஐயா. மூண்டு நாள் செல்லும்," என்றான் மேசன் ஜெனிஸ்ரன்.

"சம்பந்தம் பேச வாறவை நாங்கள் நிலம் சுரண்டுறதையே பாக்கிறது? நீர்வேலியிலை எங்களுக்கெண்டு ஒரு மதிப்பிருக்கு. மண்ணெண்ணெயை ஊத்து."

ஊற்றியதும் பசை இளகிக் குசினி அடுப்புவரை போனது. சுடுதண்ணீர் ஊற்றியதும் பாகாயிற்று. ஜெனிஸ்ரன் ஒரு செருப்பை அதிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மகள் கீர்த்திகாவுக்கு இது நாலாவது சம்பந்தம். முந்தின மூன்றையும் வம்சம் போதாதென்று மார்க்கண்டரே திருப்பி அனுப்பியிருந்தார். இதையும் விட்டால் இனி ஒருவரும் வாசல் படலை திறக்கமாட்டார்கள்.

"வாறவை வெறுங்காலோடையெல்லே உள்ளுக்கு வருவினம்," என்றார் மனைவி ஞானாம்பிகை.

"எதையாவது விரியும்," என்றுவிட்டுக் குளிக்கப் போனார் மார்க்கண்டர்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஹோல் முழுக்கப் பத்திரிகைகள். ஒவ்வொன்றிலும் அண்ணன் இளையதம்பி சிரித்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடங்களுக்கு முன் இளையதம்பி ஒருவரையும் கேட்காமல் பருத்தித்துறைக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பெண் எடுத்தார். அன்றோடு மார்க்கண்டருக்கு அண்ணனே இல்லை. போன மாதம் பத்திரிகையில் வந்த அவரது மரண அறிவித்தலில் 'நீர்வேலி மார்க்கண்டுவின் அன்புச் சகோதரரும்' என்று போட்டுவிட்டார்கள். ஊர் வாசித்துவிடும் என்று, கடையிலிருந்த நாற்பது பிரதிகளையும் அவரே வாங்கி அலுமாரிக்கு மேல் ஒளித்திருந்தார்.

"உதையே எடுத்தனீர்?"

"வீட்டிலை வேறை பேப்பர் இல்லையப்பா. உது மட்டும் நாப்பது கிடந்தது."

உரித்துப் பார்த்தார். ஓரம்தான் கையோடு வந்தது; அண்ணன் அசையவில்லை.

படலைச் சத்தம் கேட்டது. நாலு கதிரைகளை நாலு அண்ணன்கள்மேல் இழுத்து வைத்தார். ஐந்தாவது அண்ணன்மேல் தானே ஏறி நின்றார்.

மாப்பிள்ளையின் பெரியம்மா கதிரையில் இருந்தபடியே குனிந்து, ஒரு வரி விடாமல் வாசித்தார்.

"உங்கடை அண்ணையே?"

"சீச்சீ. அது வேறை மார்க்கண்டு. அந்த ஆக்களோடை எங்களுக்கு ஒரு தொடுசலும் இல்லை."

பெரியம்மா தன் தங்கையான மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார். "எழும்படி, போவம்."

"ஏன், என்ன குறை?" என்றார் மார்க்கண்டர்.

"உங்களைப் பற்றி விசாரிச்ச இடத்திலை ஒருத்தரும் நல்லதாச் சொல்லேல்லை. இளையதம்பியற்றை தம்பியெண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனாங்கள்."