நேசையாவின் ஒஸ்ரின் ஸ்ராட் வரவில்லை

செவ்வாய்க்கிழமை காலை பல் தீட்டிக்கொண்டிருந்தபோது நேசையா ஒரு சபதம் எடுத்துக்கொண்டார். தலை போனாலும் தன்னுடைய கார் சனிக்கிழமை அந்தக் கலியாணத்துக்குப் போகாது. சபதத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்று, வாய் நிறைய நுரை. மற்றது, மனைவி சீலா பக்கத்துக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

கார் என்றால் ஏதோ ஒரு கார் அல்ல. ஒஸ்ரின் ஏ-40. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்திரண்டாம் ஆண்டுப் பிறவி. நேசையாவைவிடப் பத்து வயது மூப்பு. ஆனால் அவரைவிட நல்ல நிறம். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இரண்டு வருடம் தகரம் தகரமாகத் தேய்த்து, பாலாடை நிறத்தில் மூன்று பூச்சுப் பூசியிருந்தார். அதன்மேல் காகம் உட்கார்ந்தால் இவருக்கு நெஞ்சு நோகும்.

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நேசையாவின் வாக்கு வேதவாக்கு. கொழும்புத்துறையில் அவருடைய படலைக்கு முன்னால் ஒரு கார் வந்து இருமினால் போதும். கதிரையைவிட்டு எழும்பமாட்டார். "மூண்டாம் பிளக்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாம் பிளக்தான். அந்தப் பெயருக்காகவே மனுசன் உயிர் வாழ்ந்தார் என்றாலும் தகும்.

"இஞ்சருங்கோ," என்றார் சீலா, குசினிக்குள் இருந்து. "சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரவெட்டியிலை நிக்கோணும். நிஷானியைச் சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போறது எங்கடை கார்."

நேசையா வாயைக் கொப்பளித்தார். "வாடகைக்கு எத்தினை கார் கிடக்கு. ஏசிக் கார். பொம்பிளை வேர்க்காமல் போகலாம்."

"அவள் ஏசி கேக்கேல்லை. பிறந்து ஆஸ்பத்திரியாலை வீட்டை வந்தது இந்தக் காரிலை. இப்ப தேப்பனும் இல்லை. கலியாணத்துக்கும் இதிலைதான் போவன் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறாள். நான் அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்."

சீலா முப்பத்தைந்து வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அவர் 'சொல்லிப்போட்டன்' என்றால் அதற்குக் கீழே கோடு இழுத்தாயிற்று என்று அர்த்தம். நேசையாவும் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. 'முடியாது' என்ற சொல்லை அவர் கடைசியாக வீட்டில் பாவித்தது தன் கலியாணத்துக்கு முந்தி. அதுவும் தாயிடம்.

நிஷானி சீலாவின் அக்கா மகள். நல்ல பிள்ளை. நேசையாவுக்கு அவள்மேல் பாசம் உண்டு. பயமெல்லாம் செலோ ரேப்பில்தான். போன ஆவணியில் சிநேகிதன் றெஜியின் மொறிஸ் ஒரு கலியாணத்துக்குப் போனது. எஞ்சினை மூடும் பொனற்றில் பூ ஒட்டினார்கள். கதவில் பலூன் ஒட்டினார்கள். பின்கண்ணாடியில் இரண்டு இதயம் ஒட்டினார்கள். பின்னேரம் ரேப்பை உரித்தபோது பெயின்றும் கூடவே வந்தது. உள்ளே பூப்போடும் சின்னப்பிள்ளைகள் நாலுபேர் சொக்கிளேற் கையை இருக்கையில் துடைத்திருந்தார்கள். றெஜி இரண்டு நாள் சாப்பிடவில்லை. நேசையா மூன்று நாள் சாப்பிடவில்லை.

முடியாது என்று சொல்லவும் முடியாது. அப்படியென்றால் கார் தானாகவே முடியாது என்று சொல்லவேண்டும். நேசையாவின் மூளை வேலை செய்தது.

எஞ்சினின் பக்கத்தில் டிஸ்றிபியூட்டர் என்று ஒரு மூடி போட்ட சாமான் இருக்கும். மூடிக்குள் விரல் நுனி அளவில் ஒரு கறுப்புத் துண்டு. அதற்குப் பெயர் றோட்டர். அது சுற்றிச் சுற்றி நாலு பிளக்குக்கும் பொறியைப் பங்கு போடும். நேசையாவிடம் ஒரு மா ரின்னுக்குள், ஆணி முறுக்காணிகளோடு, பழைய றோட்டர் ஒன்று கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. பார்வைக்குப் புதுமாப்பிள்ளை, வேலைக்கு ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் சீலா மீன் வாங்கப் போன நேரம் நல்லதைக் கழற்றி, வெடித்ததைப் பூட்டினார். நல்லதை எங்கே ஒளிப்பது? ஒருவரும் கை வைக்காத இடமாக இருக்கவேண்டும். அலுமாரியைத் திறந்தார். அவருடைய கறுப்புக் கோட்டு தொங்கியது. வருடத்துக்கு ஒரு தரம் வெளியே வருகிற கோட்டு. அதன் உள்பையில் போட்டு அலுமாரியைச் சாத்தினார்.

புதன்கிழமை காலை நாடகம் அரங்கேறியது. நேசையா காரில் ஏறித் திறப்பைத் திருப்பினார். கிர்... கிர்... கிர்... என்றது. திரும்பவும் கிர்... கிர்... இறங்கிப் பொனற்றைத் தூக்கினார். நெற்றியைத் துடைத்தார். வேர்வை இல்லாத நெற்றி.

"என்னவாம்?" என்றார் சீலா.

"படுத்திட்டுது."

"ஐயோ. என்ன வருத்தம்?"

"பெற்றோல் பக்கம் பிழை. பம்போ, கபிரேற்றரோ தெரியேல்லை. ஒரு கிழமையாவது எடுக்கும்."

"பொறி வருகுதோ?"

நேசையா ஒரு கணம் திடுக்கிட்டார். "பொறியெல்லாம் நல்ல பொறி. நான் பாத்தனான்."

"அப்ப என்ன செய்யிறது? அக்காவை வேறை ஒழுங்கு பாக்கச் சொல்லுறன்."

சண்டை இல்லை. அழுகை இல்லை. கேள்விகூட இரண்டு மூன்றுதான். முப்பது வருடமாகச் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் கார்ப் பாடம் கேட்ட மனுசி இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாவே என்று நேசையாவுக்கே கொஞ்சம் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கத்தோடு விளைமீன் குழம்பில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். நன்றாகப் படுத்தார்.

நாலு மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டு விழித்தார். கண்ணைத் திறக்காமலே எண்ணினார். றெஜியின் மொறிஸ். அதற்குப் பின்னால் கார்க் கூட்டாளி செபநாயகத்தின் மோட்டச்சைக்கிள். அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு கார். நாலும் தன் படலைக்கு முன்னால் நின்றன. நேசையா கண்ணைத் திறந்தார்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. வந்திட்டம்!" என்று கத்தினார் றெஜி. வங்கி உத்தியோகத்தர், கையில் ஸ்பானர்ப் பெட்டி.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ரீச்சர்தான். உங்கடை போனிலை இருந்து எங்கடை வாட்ஸ்அப் குறூப்பிலை குரல் போட்டவா. கேளுங்கோ."

றெஜியின் போனிலிருந்து சீலாவின் குரல் தெளிவாக வந்தது: "வணக்கம் தம்பியவை. இவரின்ரை கார் ஸ்ராட் வருகுதில்லை. சனிக்கிழமை கலியாணம். மனுசன் தனியக் கிடந்து மண்டையை உடைக்கிறார். ஏலுமான ஆக்கள் வாங்கோ. வடை சுடுறன்."

பழைய கார்க்காரரிடம் எதை வேண்டுமென்றாலும் சொல்லலாம். 'ஸ்ராட் வருகுதில்லை' என்று மட்டும் சொல்லக்கூடாது. சொந்த வீட்டில் கூரை ஒழுகினாலும் எழும்பாதவர்கள் அந்த ஒரு வசனத்துக்கு மயிலிட்டியிலிருந்தும் வருவார்கள். இத்தனை வருடம் அவர்களோடு பழகிய நேசையா இதை எப்படி மறந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

"தம்பியவை, கரைச்சல் படாதேங்கோ. பெற்றோல் பக்கம்தான். நான் ஆறுதலா ஒரு கிழமையிலை பாக்கிறன்."

"ஒரு கிழமையோ? நாலு பேர் நிக்கிறம். ஒரு மணித்தியாலம்!" என்றார் செபநாயகம். குருநகர்க்காரர். நாள் முழுக்க வள்ளங்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர். பிரிக்காவிட்டால் அவருக்குக் கை உளையும்.

"பொறி பாத்தனீங்களே அண்ணை?" என்று கேட்டார் றெஜி.

"பாத்தனான். நல்ல பொறி."

"அண்ணை பாத்திட்டார் எண்டால் பேந்து நாங்கள் பாக்கத் தேவையில்லை," என்றார் செபநாயகம். எல்லோரும் தலையாட்டினார்கள். வேதவாக்கு அல்லவா.

பாய் விரித்தார்கள். முதலில் பெற்றோல் பம்ப் கழன்று பாய்க்கு வந்தது.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு."

"நான் சொன்னனான், இது கபிரேற்றர்."

"நீர் எப்ப சொன்னனீர்? நான் சொன்னது."

"ஆர் சொன்னாலென்ன, கழட்டும்."

கபிரேற்றரும் பாய்க்கு வந்தது. ஊதினார்கள். கழுவினார்கள். ஒருவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மற்றவர் நாக்கில் வைத்தும் பார்த்தார்.

"தண்ணி கலந்த பெற்றோலோ?"

"இல்லை, நல்ல உறைப்பு."

சீலா சுடச்சுட வடையோடு வந்தார். "என்ன தம்பி, ஏதும் தெரிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை ரீச்சர். ஆனா விடமாட்டம்."

"விடாதேங்கோ. எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்கோ."

நேசையா கடித்த வடையைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். பம்பைப் பூட்டினார்கள், கபிரேற்றரைப் பூட்டினார்கள், திறப்பைத் திருப்பினார்கள். கிர்... கிர்... கிர்... றெஜி முதல்முறையாக நேசையாவை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்ணை, வழமையாச் சத்தத்திலையே சொல்லிப்போடுவியள். இண்டைக்கு என்ன?"

செபநாயகம் சாரத்தை மடித்துக் கட்டினார். "இனி யோசிக்க ஒண்டும் இல்லை. உள்ளுக்கை காத்து அமுக்கம் இல்லை. ஹெட்டைக் கழட்டுவம்."

ஹெட் என்றால் எஞ்சினின் தலை. அதைத் தூக்கினால் நடுவில் இருக்கும் காஸ்கெற் கிழியும். அந்தக் காஸ்கெற் இங்கிலாந்திலிருந்து, மச்சானின் பெட்டிக்குள் புத்தகத்துக்கு நடுவில் வந்தது. கண்ணுக்கு முன்னால் செபநாயகம் பெரிய ஸ்பானரைத் தெரிந்தெடுத்தார். ரேப் ஒட்டினால் பெயின்றுதான் போகும். இப்போது காரே போகப்போகிறது.

"பொறும் செபநாயகம்! அஞ்சு நிமிசம் பொறும்! நான்... நான் ஒருக்கா உள்ளுக்கை போட்டு வாறன்."

அறைக்கு ஓடினார். நல்ல றோட்டரை எடுத்து, எல்லோரையும் ரீ குடிக்க விறாந்தைக்கு அனுப்பி, ஒரு நொடியில் மாற்றிவிட்டால் கதை முடிந்தது. அலுமாரியைத் திறந்தார். கோட்டு அங்கே இல்லை. அது யன்னல் கம்பியில் தொங்கியது. கழுத்திலிருந்து கைவரைக்கும் மடிப்பு விழாமல் அயன் பண்ணியிருந்தது. உள்பைக்குள் கைவிட்டார். வெறும் பை.

ஒரு கலியாணத்தைக் குழப்ப நினைத்தவன், கலியாணத்துக்குப் போடுகிற கோட்டுக்குள்ளேயா அதை ஒளிப்பான்? நேசையா ஒளித்தார்.

வெளியே சீலாவின் குரல் கேட்டது. "தம்பியவை, நான் ஒண்டு சொன்னாப் பிழையா நினைப்பியளோ? உங்களிலை ஒருத்தராவது பொறி வருகுதோ எண்டு பாத்தனீங்களோ?"

"அண்ணை பாத்தவர் ரீச்சர்."

"அவர் பாத்தவர் எண்டு அவர் சொன்னவர். ஒருக்கா நீங்கள் பாருங்கோ."

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பொறி இல்லை. மருந்துக்கும் இல்லை. நேசையா விறாந்தைக்கு வந்தபோது சீலா சீலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த றோட்டர் எங்கடை மா ரின்னுக்குள்ளை கிடந்தது. உதிலை இருக்கிறதுக்கு வெடிப்போ தெரியாது. மாத்திப் பாருங்கோ."

மாற்றினார்கள். திறப்பைத் திருப்பினார்கள். ஒஸ்ரின் ஒரு தரம் செருமியது; பிறகு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தம் நேசையாவுக்கு எப்போதும் தேன். இன்று கேட்கக் கேட்கக் காது கூசியது.

"ரீச்சர்! என்னண்டு கண்டுபிடிச்சனீங்கள்?"

"கணக்குத்தானே தம்பி. பெற்றோலிலை பிழை இல்லையெண்டு நீங்கள் காட்டிப்போட்டியள். மிச்சம் இருக்கிறது பொறி."

எல்லோரும் ஒன்றாகத் திரும்பி நேசையாவைப் பார்த்தார்கள். "அண்ணை, நல்ல பொறி எண்டு சொன்னியள்?"

என்ன பழுதென்று எனக்கு முதலே தெரியும் என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால் கள்ளன். சொல்லாவிட்டால் மடையன். நேசையா சீலாவைப் பார்த்தார். சீலா வடைத் தட்டைப் பார்த்தார்.

"வயசு போட்டுது தம்பி," என்றார் நேசையா.

எல்லோரும் போன பிறகு குசினிக்குப் போய் நின்றார். "எப்ப கண்டனீர்?"

"மத்தியானம், கோட்டு அயன் பண்ணேக்கை."

"உடனை என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா இன்னொரு பொய் யோசிக்கோணும். சாப்பிட்டுப் படுத்த மனுசனை ஏன் கஷ்டப்படுத்துவான் எண்டு விட்டிட்டன்." சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார். "பெயின்றுக்குப் பயமெண்டால் பயமெண்டு சொல்லியிருக்கலாம். நான் என்ன, கேக்காமலோ விடப்போறன்? ரேப் ஒட்டவேண்டாம், நூலிலை கட்டுங்கோ எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்."

நேசையாவுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அன்றிரவு எதிர்த்து ஒரு சொல் பேசாமல் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒஸ்ரின் கரவெட்டியில் நின்றது. பொனற்றில் மல்லிகைச் சரம், நூலில் கட்டியது. சின்னப்பிள்ளைகளின் கையைச் சீலா வாசலிலேயே கழுவித்தான் ஏற்றினார். பின்னிருக்கையில் நிஷானி கண் கலங்கி, "தாங்ஸ் சித்தப்பா" என்றபோது, நேசையாவுக்கும் கண் கலங்கியது. இந்தப் பிள்ளைக்கா கார் தரமாட்டேன் என்று நின்றேன் என்று நினைத்தார். சேர்ச் வாசலில் சனம் சூழ்ந்து நின்று காரைப் படம் எடுத்தது. கோட்டுப் போட்ட நேசையா கதவில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். போன மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவது போல இருந்தது.

மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருந்த நேரம் போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"ஹலோ, பழைய கார் நேசையா அண்ணையோ? நான் சாவகச்சேரியிலை இருந்து கதைக்கிறன். என்னட்டையும் ஒரு ஏ-40 இருக்கு. உங்கடை வீட்டைப் பற்றி எல்லாரும் பெரிசாக் கதைக்கினம்."

நேசையா கதிரையிலிருந்து எழும்பினார். பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி தொண்டையைச் செருமினார். "ஓம் தம்பி, நேசையாதான். காருக்கு என்ன செய்யுது? சொல்லும்."

"ஓடேக்கை ஒரு சத்தம் வருகுது அண்ணை. போனை ஒருக்கா ரீச்சரிட்டைக் குடுக்கிறியளே?"