வருஷத்தையா தின்னப் போறோம்?

ஐந்து பர்கரையும் ஸ்டோர் தராசில் எடைபோட்டு முடிப்பதற்குள் ஐந்தும் ஆறி அவலாகிவிட்டன.

"ஆறிப்போனதுக்கு எப்படிண்ணே மார்க் போடறது?" என்றான் டிரைவர், மூன்றாவதை மென்றபடி.

ஸ்டோர்கீப்பர் பல்லைக் கடித்துக்கொண்டார். வாரக் கூட்டத்துக்கு எந்தக் கடை பர்கர் வாங்கலாம் என்று விலையும் தரமும் ஒப்பிட்டுச் சொல்லும் வேலையை மேனேஜர் அவர் தலையில் கட்டியிருந்தார். "யாரும் குறை சொல்ல முடியாத ஒரு முறை வேணும்" என்பது கட்டளை. இருபத்திரண்டு வருடமாக மாடாய் உழைத்தவருக்குக் காலியாகக் கிடக்கும் சூப்பர்வைசர் நாற்காலி கண்ணில் ஆடியது. பர்கரைப் பார்த்தாலே அவருக்கு நெஞ்செரியும் என்பது வேறு விஷயம்.

மறுநாள் ஹாட்பாக்ஸில் கொண்டுவந்தார். ரொட்டி வியர்த்து நமுத்துப்போனது.

"உறையில கடைப் பேரைப் பாத்துட்டு மார்க் போடறாங்கண்ணே," என்று டைப்பிஸ்ட் போட்டுக்கொடுத்தாள்.

உறைகளை எல்லாம் உருவிப் போட்டார். எது எந்தக் கடையுடையது என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

"என் சமையலுக்கு ஒரு நாளாவது மார்க் போட்டிருப்பீங்களா?" என்று வீட்டில் மனைவி வேறு கொதித்தாள்.

ருசியைக் கேட்டால்தானே இத்தனை வம்பு? ருசியையே அடித்துவிட்டார். கொடுக்கும் விலைக்கு எத்தனை கிராம் கறி, எவ்வளவு புதுசு. அவ்வளவுதான் அட்டவணை. அதில் ஊரிலேயே பழைய கடை கடைசிக்குப் போனது.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை வருஷமா நடத்தறாங்கண்ணே, பாவம்!"

"வருஷத்தையா தின்னப் போறோம்? பழக்கத்துக்கெல்லாம் மார்க் கிடையாது."

அட்டவணையைப் படித்த மேனேஜர் எழுந்து நின்று கைகுலுக்கினார். "பிரமாதம்! இதத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

ஸ்டோர்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாகவே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் டைப்பிஸ்ட் ஒரு தாளோடு வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"உங்க அட்டவணையில கடைப் பேருக்குப் பதிலா நம்ம எல்லார் பேரையும், விலைக்குப் பதிலா சம்பளத்தையும் போட்டு மேனேஜர் டைப் அடிக்கச் சொன்னாருண்ணே; அதுல கடைசி இடத்துல இருக்கறவங்களை நாளையோட நிறுத்தறாங்களாம், அது நீங்கதான்."