தும்புத்தடியும் பொன்னாடையும்

புகழ்பெற்றவர் எவரை எடுத்தாலும் அவருக்குப் பக்கத்தில் ஒரு 'கைதூக்கிவிட்டவர்' நிற்பார். பெற்றவரையோ ஆசிரியரையோ சொல்லவில்லை. அவர்கள் பாவம், வாய் திறப்பதில்லை. இவர் வேறு இனம். ஆள் வளரும்வரை இவரைக் காணக் கிடைக்காது. வளர்ந்த பிறகு இவரிடமிருந்து தப்ப முடியாது.

லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் இந்த இனத்தின் தலைமகன் ஞானேஸ்வரன். பதினைந்து வருடங்களுக்கு முன் அவருடைய பக்கத்து வீட்டில் அயாமே என்ற ஜப்பானிய மாணவி வாடகைக்கு இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இன்று அவள் வியன்னா, பெர்லின், தோக்கியோ என்று நகரம் நகரமாகப் பியானோ வாசிக்கிறாள். ஞானேஸ்வரனோ கல்யாண வீடு, கோயில் திருவிழா, பல் வைத்தியரின் வரவேற்பறை என்று நாலு பேரைக் கண்ட இடமெல்லாம் அவள் கதையை எடுத்து, "என்ரை சுவருக்கு அங்காலை வளந்த பிள்ளை" என்று பெருமூச்சோடு முடிக்கிறார். சுவருக்கு இங்கால் நடந்ததைச் சொல்வாரா? அவள் வாசிக்கத் தொடங்கியதும் வீடு கூட்டும் தும்புத்தடியால் சுவரில் மூன்று இடி இடிப்பார். போதாதென்று கவுன்சிலுக்கு நான்கு முறைப்பாடுகள் வேறு.

அயாமே லண்டனில் வாசிக்க வந்தாள். தன் மகளுக்கு ஞானேஸ்வரன் வீட்டில் சம்பந்தம் பேசி, பாரிசிலிருந்து வந்திருந்த தில்லையம்பலம் மெல்லக் கேட்டார்.

"அவவுக்கு உங்களை ஞாபகம் இருக்குமோ?"

"என்னண்ணை கதைக்கிறியள்? என்னைக் கண்டா எழும்பி வருவா!"

சம்பந்தியாகப் போகிறவரிடம் வாயை விட்டாயிற்று. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் மனைவி நகுலேஸ்வரியையும் தில்லையம்பலத்தையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். பையில் பொன்னாடை. அது இல்லாமல் நம்மவர் மேடைப் பக்கம் போவதுண்டா?

அன்று வாசித்தது மூன்று பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படி. முதற் பகுதி முடிந்ததும் ஒரு சிறிய இடைவெளி. சபை கைதட்டாமல் இருமிக்கொண்டிருந்தது. முழுதும் முடிந்த பிறகே கைதட்டுவது அங்கே வழக்கம். ஞானேஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சனம் இது? ஒருத்தரும் கைதட்டேல்லை!"

பிள்ளையின் மானத்தைக் காக்க எழுந்தார். மனைவி பிடித்த கையை உதறினார். ஆறு சோடி முழங்கால்களைத் தாண்டினார். பொன்னாடையை விரித்தபடி மேடையடிக்குப் போனார். ஏறப் படியைக் காணவில்லை. அயாமே அடுத்த பகுதிக்குக் கையைத் தூக்கிவிட்டாள். வேறு வழி தெரியாமல் மேடை விளிம்பில் தட்டினார். மூன்று தட்டு.

உலகமெல்லாம் வாசித்த அந்தக் கைகள் சட்டென்று மடிக்குள் போய் ஒடுங்கின. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"சொரி, மிஸ்டர் ஞானேஸ்வரன்."

மண்டபத்துக்கே கேட்டது. வாசற்காவலர் வந்து முழங்கையைப் பிடித்து, பொன்னாடை தரையில் இழுபட, அவரை வெளியே நடத்திக்கொண்டு போனார். வெட்கம் வந்ததா? வந்தது. பாவம், உண்மையாகவே வந்தது. கதவு வரைக்கும் இருந்தது.

திரும்பும் ரயிலில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியளே அண்ணை? பதினைஞ்சு வருசம்! பேர் சொல்லிக் கூப்பிட்டவ!"

"ஓம், ஓம்" என்றார் தில்லையம்பலம், ஜன்னலைப் பார்த்தபடி.

"பேருக்கு முன்னாலை ஒரு சொல்லும் சொன்னவ. அதையும் சேத்துச் சொல்லுங்கோவன்" என்றாள் நகுலேஸ்வரி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் மேல்வீட்டில் யாரோ ஒரு பிள்ளை அரை மணித்தியாலமாக வயலின் பழகுகிறதே, கேட்கிறதா? எங்கே எழும்புகிறீர்கள்? தும்புத்தடியை எடுக்கத்தான் என்றால், அப்படியே ஒரு பொன்னாடையும் வாங்கி வைத்துவிடுங்கள்.