பொருள்: பெட்டியைத் திரும்பப் பெறக் கோருதல்

அன்று காலை பத்தரை மணிக்கு அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் அமர்ந்திருந்த விவரம் பின்வருமாறு.

டாக்டர், சக்கரம் வைத்த முக்காலியில். நோயாளி, சாய்வு நாற்காலியில். அவருடைய கடைவாய்ப்பல் அப்போதுதான் பிடுங்கப்பட்டு, அந்தப் பள்ளத்தில் பஞ்சு அடைக்கப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. நர்ஸம்மா, ஜன்னலோர ஸ்டூலில், பதிவு நோட்டோடு. நோட்டில் நோயாளியின் பெயருக்கு நேரே ‘தொழில்’ என்ற கட்டம் மட்டும் காலி. ஒன்பதரை மணிக்கு உள்ளே வரும்போதே கன்னம் வீங்கி, நாக்குக் குழறி, அவர் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரர், வெளிப் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே. அவருக்குப் பல்லில் ஒரு கோளாறும் கிடையாது. முகத்தில் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஆள் மேனேஜர். அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. ஆனால் டாக்டர் கோபமாக இருக்கும்போது அவர் உட்காருவதில்லை.

“பன்னெண்டு நாள் ஆச்சுய்யா அந்தப் பெட்டியை மாட்டி,” என்றார் டாக்டர். “இன்னிக்கு வரைக்கும் அது என்ன கிழிச்சுது?”

“கரண்ட் போனாத்தானே சார் அது கிழிக்கும்?”

“அப்போ கரண்ட் போகாதது என் தப்பா?”

மேனேஜர் என்பது ஒன்பது வருடங்களுக்கு முன் அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அவருடைய தலையாய வேலை வேறு. கரண்ட் போனதும் பின்னறைக்கு ஓடி, சுவரிலிருந்த இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் தூக்கி, ஆஸ்பத்திரியைப் பேட்டரிக்கு மாற்ற வேண்டும். கரண்ட் வந்ததும் மறுபடி ஓடி அதை இறக்க வேண்டும். நர்ஸம்மா அவருக்கு வைத்த பெயர் ‘கைப்பிடி’.

போன மாதம் ஒரு சாயங்காலம் மேனேஜர் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்துக் கரண்ட் போனது. ஒருவர் வாய்க்குள் ஊசியை வைத்தபடி டாக்டர் கால் மணி நேரம் இருட்டில் அசையாமல் நின்றார். அந்த ஒருவரும் அசையவில்லை. திரும்பி வந்த மேனேஜர் வாங்கிய வசவுக்குப் பிறகுதான் தன் மச்சானிடம் சொல்லி இந்தப் பெட்டியை வரவழைத்தார். கரண்ட் போனால் தானே பேட்டரிக்கு மாறும். வந்தால் தானே திரும்பும். “கண்ணைச் சிமிட்டற நேரம்கூட ஆகாது அத்தான், யாரும் கை வைக்கவே வேண்டாம்” என்று மச்சான் அடித்துச் சொல்லியிருந்தான். இரும்புக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப்போனதும் அவன்தான்.

“மத்தியானத்துக்குள்ள அது வேலை செய்யறதை என் கண்ணால பார்க்கணும்,” என்றார் டாக்டர். “இல்லேன்னா பெட்டி திரும்பிப் போகுது. அதைச் சிபாரிசு பண்ணின நீயும் அதோடயே போ.”

மேனேஜர் வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தார்.

“என் தம்பி குடுத்த பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வருவீங்க?” என்றாள் மனைவி. “பெட்டி எங்க போகுதோ நீங்களும் அங்கேயே போய் இருந்துக்குங்க.”

பெட்டி போனால் ஆஸ்பத்திரியும் இல்லை, வீடும் இல்லை என்பது இருதரப்பிலும் உறுதியாகிவிட்டது. மேனேஜர் எதையும் முறைப்படி செய்கிறவர். கரண்ட் போக வேண்டுமானால் அதற்குரிய அலுவலகத்தில்தானே கேட்க வேண்டும்? எதிரே இருந்த வெல்டிங் பட்டறைகூட அன்று அதிசயமாகச் சத்தம் போடாமல் கிடந்ததால், போனில் பேச வசதியாக இருந்தது.

“வணக்கம் சார். எங்க தெருவுல ஒரு பத்து நிமிஷம் கரண்ட்டை நிறுத்த முடியுங்களா?”

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“எந்தத் தெரு?”

மேனேஜர் சொன்னார்.

“காலையிலேர்ந்து உங்க தெருவுலேர்ந்து இருபத்திரண்டு பேர் திட்டியாச்சு. கிண்டல் பண்ண ஒருத்தரும் வரலையேன்னு இப்பத்தான் நினைச்சேன். வைய்யா போனை!”

இருபத்திரண்டு பேர் எதற்குத் திட்டியிருப்பார்கள் என்று மேனேஜர் யோசித்தார். ஏதாவது பில் தகராறாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே வந்தார்.

“கேட்டுப் பார்த்துட்டேன் சார். கரண்ட்டை நிறுத்த மாட்டாங்களாம்.”

இதைக் கேட்டதும் நோயாளி நாற்காலியில் நிமிர்ந்தார். “ம்ம்! ம்ம்ம்ம்!” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு விளக்கைக் காட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டினார்.

“ஐயய்யோ, நெஞ்சைத் தொட்டுக் காட்டறார்,” என்றார் டாக்டர். “நர்ஸம்மா, பிரஷர் பாருங்க!”

நர்ஸம்மா பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. நோயாளி மறுபடியும் நெஞ்சைத் தட்டி, தெருவைக் காட்டி, இரண்டு கையையும் விரித்தார். நர்ஸம்மா இரண்டாவது முறை பார்த்தார். இந்தத் தடவை நன்றாகவே ஏறியிருந்தது.

“கண்ணை மூடிப் படுங்க சார். பல்லுதானே போச்சு? உலகமா போச்சு?” என்றார் டாக்டர். நோயாளி வாயைத் திறக்கப் பார்க்கவே, இன்னொரு உருண்டைப் பஞ்சை உள்ளே திணித்தார்.

மேனேஜருக்கு அப்போது ஒரு யோசனை பிறந்தது. கரண்ட்காரர்கள் நிறுத்தாவிட்டால் என்ன, நாமே ஃப்யூஸை உருவினால் போகிறது! பின்னறைப் பலகையில் ஃப்யூஸ்கள் இரண்டு. ஒன்று தெருவிலிருந்து வரும் கரண்ட்டுக்கு, மற்றது பேட்டரிக்கு. எது எதற்கு என்று டாக்டரே தன் கைப்படத் தெளிவாக எழுதி ஒட்டியிருந்தார். டாக்டர் எழுதியது என்பதால் அதை யாராலும் படிக்க முடியவில்லை.

மேனேஜர் முதல் ஃப்யூஸை உருவினார்.

“என்ன சார், போச்சா?” என்று கத்தினார்.

“என்ன போச்சா? எல்லாம் ஜம்முனு எரியுது!”

“பெட்டி மாறிடுச்சு போல சார்!”

“என்ன மாறிடுச்சு? ஒரு சத்தம் இல்லை, ஒரு அசைவு இல்லை. நீ எதையோ சும்மா இருந்ததைப் பிடுங்கியிருக்கே. சரியானதைப் பிடுங்கு!”

பல் டாக்டர் வாயிலிருந்து வரும் அந்த வாக்கியத்துக்கு ஒரு கனம் உண்டு. மேனேஜர் கையிலிருந்த ஃப்யூஸை ஒரு முறை முறைத்தார். ஊருக்கு உதவாத ஃப்யூஸ் போலிருக்கிறது என்று மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டாவதை உருவினார்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து டாக்டர் நோயாளியை எழுப்பி உட்காரவைக்கலாம் என்று காலடி விசையை மாற்றி மிதித்திருந்ததால், நாற்காலி நோயாளியின் தலையைக் கீழேயும் காலை மேலேயும் கொண்டுபோய் நிறுத்தி, அப்படியே விட்டுவிட்டது. வெளிப் பெஞ்சில் தையல்காரர் செய்தித்தாளை உதறிக்கொண்டு எழுந்தார்.

“அட, இங்கயும் போச்சா!” என்றார்.

அவரை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். கண் சிமிட்டும் நேரம் என்று மச்சான் சொன்னது நினைவுக்கு வர, மேனேஜர் கண்ணைச் சிமிட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை மெதுவாகச் சிமிட்ட வேண்டுமோ என்று நிறுத்தி நிதானமாக நாற்பது முறை சிமிட்டினார். பெட்டி அசையவில்லை.

“யோவ்!” என்று குரல் வந்தது.

மேனேஜர் இரண்டு ஃப்யூஸ்களையும் அவசரமாகச் சொருகினார். விளக்கு வந்தது. தையல்காரர் “அப்பாடா” என்று மறுபடி படுத்தார். மேனேஜர் முதல் முறையாகப் பெட்டியை உற்றுப் பார்த்தார். அதன் நெற்றியில் பொட்டு மாதிரி இரண்டு சின்ன விளக்குகள். சிவப்பு எரிந்தது, பச்சை எரியவில்லை. பச்சை பல்பு போய்விட்டது போல என்று இரண்டு தட்டுத் தட்டினார். அது வரவில்லை. வாங்கிப் பன்னிரண்டே நாளில் பல்பும் போய்விட்டதை டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று அதன்மேல் காலண்டரை மாட்டினார்.

டாக்டரே பின்னறைக்கு வந்து, தன் கையால் இரண்டாவது ஃப்யூஸை மூன்று முறை உருவி, மூன்று முறை சொருகினார். மூன்று முறையும் ஆஸ்பத்திரி அணைந்து எரிந்தது. ஒவ்வொரு முறையும் நோயாளியின் நாற்காலி இன்னும் கொஞ்சம் கவிழ்ந்தது.

“உருவினா போகுது. சொருகினா வருது. இதுக்கு எதுக்குய்யா பெட்டி? ஒரு வேலையும் செய்யாம ஒன்பது வருஷமா நீ ஒருத்தன் நிக்கறே. உனக்குத் துணைக்கா?”

மேனேஜர் பெட்டிமேல் இருந்த காலண்டரை நேராக்கினார். தலைகீழாகக் கிடந்த நோயாளியோ இப்போது காற்றில் எழுதிக் காட்டினார்.

“லீவு சர்டிபிகேட் கேக்கறார் டாக்டர்,” என்றார் நர்ஸம்மா.

“மூணு நாள் போடறேன்.”

நோயாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“சரி சரி, ஒரு வாரம்,” என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோயாளி பேனாவுக்குக் கையை நீட்டினார். டாக்டர் அந்தக் கையைப் பிடித்து அன்பாகக் குலுக்கிவிட்டு, பேனாவை மேனேஜரிடம் கொடுத்தார்.

“உட்காரு. எழுது.”

மேனேஜர் அன்று முதல் முறையாக உட்கார்ந்தார். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி ஓரம் விட்டுக் கோடு போட்டார். அனுப்புநர் எழுதினார். பெறுநர் என்று தன் மச்சானின் பெயரையும் கடையையும் எழுதினார். பொருள் எழுதினார். சின்ன வயதில் தானே மூக்கைத் துடைத்துவிட்ட பயலுக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் தடுமாறியது.

“மேனேஜரையும் பெட்டியையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்னு போடு,” என்றார் டாக்டர்.

“எதை முதல்ல போடறது சார்?”

“எது அதிகமா உபயோகமோ அதை.”

மேனேஜர் நேர்மையானவர். யோசித்து, பெட்டியை முதலில் எழுதினார்:

‘தங்களால் அனுப்பப்பட்ட தானியங்கிப் பெட்டி தானாக இயங்கவில்லை என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே பெட்டியையும், அதைச் சிபாரிசு செய்த மேனேஜரையும், இக்கடிதம் கண்டவுடன் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மேனேஜர் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘பி.கு. உன் அக்காவிடம் இதைச் சொல்லாதே. இரண்டு நாள் உன் கடையில் படுக்க இடம் உண்டா?’

உறையில் போட்டார். பசை தடவினார். ஓரங்களை நகத்தால் ஒரு முறைக்கு இரு முறை அழுத்தினார். தையல்காரரை எழுப்பி, மச்சான் கடையில் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

“தாராளமா! எனக்கென்ன வேலை? மிஷின் சும்மாத்தானே கிடக்கு,” என்று தையல்காரர் உறையைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். அது ஒரே உதையில் கிளம்பித் தொலைத்தது. தெருமுனையில் திரும்பி மறையும்வரை மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

டாக்டர் காலடி விசையை மிதித்தார். நாற்காலி நேரானது. “மணி ஆச்சு, பஞ்சை எடுத்துடலாம்,” என்றார்.

நர்ஸம்மா முதல் உருண்டையை எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். நோயாளி எச்சிலைத் துப்பி, வாயைத் துடைத்து, மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நான் லைன்மேன் சார், காலையில ஒன்பது மணிக்கு இந்தத் தெரு முழுக்கக் கரண்ட்டை நிறுத்திட்டு, லைட் எரியற ஒரே இடம் இதுதான்னு பார்த்துத்தான் பல்லைப் பிடுங்கிக்கவே உள்ள வந்தேன்!”