ஆடாதே ஹாஜியாரும் ஆயிரம் வெறும் பூக்களும்

வெள்ளிக்கிழமை காலை சரியாக ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். குசினி வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த நான், பக்கத்து வளவிலிருந்து ஒரு நீண்ட கம்பு மதிலுக்கு மேலாக எழும்புவதைக் கண்டேன். அதன் நுனியில் சிவப்புத் துணி. முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மகள், கையிலிருந்த சாரனை வாளிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். கால் மணித்தியாலம் கழித்துச் சிவப்பு இறங்கி வெள்ளைத் துணி ஏறியது. மகள் வெளியே வந்து அதே சாரனைக் காயப்போட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் நடக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. யாரோ யாருக்கோ சைகை காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எழுதும்போது இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

பக்கத்து வளவுக்காரர் பெயர் ஆடாதே ஹாஜியார். கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், குருவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்திவைத்த ஒரே மனிதர் அவர்தான். நில அளவையாளராக இருந்தவர். முப்பது வருடம் வயல்வெளிகளில் கொடிக்கம்பு பிடித்து நிற்பவர்களைப் பார்த்து "ஆடாதே!" என்று கத்தியவர். ஓய்வுபெற்றதும் முழங்கை நீள லென்ஸோடு ஒரு கமரா வாங்கி, பெருவிரல் அளவுத் தேன்குருவிகளைப் படமெடுக்கத் தொடங்கினார். கத்துவதை மட்டும் விடவில்லை.

கடற்காற்று செவ்வரத்தங் கிளையை அசைத்தால் காற்றுக்கு ஒரு "ஆடாதே!" கிடைக்கும். மீன்காரர் ஒழுங்கை முனையிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹாஜியார் வீட்டைத் தாண்டும் வரை தள்ளிக்கொண்டு போவார். ஒரு கல்யாண விருந்தில் ஐந்து பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, யன்னலில் தேன்குருவி வந்து நின்றதாம். ஹாஜியார் "ஆடாதே!" என்றார். அவரோடு சேர்த்து நான்கு பேர் சோற்றில் கை வைத்தபடி உறைந்துபோனார்கள். நிமிர்ந்து பார்த்தபோது இறைச்சி முடிந்திருந்தது. ஐந்தாமவருக்குக் காது கேட்காது.

"நிக்காஹ் முடிச்சு நாப்பது வருஷம் கா" என்று ஹாஜியாரின் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம். "என்னப் பார்த்து ஒரு நிமிஷம் இவர் இப்படி அசையாம இரிக்கல்ல."

இந்தக் கதைகளெல்லாம் பிறகு தெரிய வந்தவை. அப்போது நாங்கள் அந்த ஒழுங்கைக்கு வந்து இரண்டே மாதம். வீட்டு வேலையில் தலையைப் புதைத்திருந்த நான் அந்தக் கொடியையோ கத்தலையோ அதுவரை கவனித்ததே இல்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்கு. மகளுக்காகக் கட்டிய அந்த வீட்டில் வேலை மிச்சமிருந்ததால் நாங்கள் முன்னதாகவே குடிவந்திருந்தோம். கல்யாணம் முடிந்ததும் நானும் மனைவியும் சாய்ந்தமருதுப் பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நான் விஞ்ஞான ஆசிரியர். ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வரக்கூடாது என்று வருடக்கணக்காகக் கற்பித்தவன். எனவே ஒரு கொப்பி எடுத்து, சிவப்பு ஏறும் நேரம், மகள் உள்ளே போகும் நேரம், வெள்ளை ஏறும் நேரம் என்று மூன்று நிரல் கீறி ஆறு நாள் பதிந்தேன். மகளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயம்.

வியாழக்கிழமை சிவப்பு ஏறியதும் பிளாஸ்டிக் கதிரையை மதிலோரம் போட்டு ஏறினேன். அங்கே என் மனைவியின் செவ்வரத்தை மதிலுக்கு மேலால் அந்தப் பக்கம் சாய்ந்து பூத்திருந்தது. இலைகளை விலக்கித் தலையை நீட்டினேன். நேர் எதிரே, முக்காலியில் ஏற்றிய லென்ஸ் என்னைப் பார்த்தது.

"ஆடாதே!"

ஆடவில்லை. அந்தக் குரலுக்கு யாரும் ஆட மாட்டார்கள். கமரா படபடவென்று பத்துத் தடவை அடித்தது. அதன் பிறகுதான் கதிரை ஆடியது. மாபிள் பதிக்கக் குழைத்து வைத்திருந்த சீமெந்துக்குள் உட்கார்ந்தேன்.

"சேர், ஒண்டும் ஆகல்லியே?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. நான் சீமெந்தோடு எழும்பி உள்ளே போனேன். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் பதில் சொல்வானா? என் வளவை, என் மகள் உலாவும் முற்றத்தை நோக்கிக் கமரா!

மறுநாள் ஜும்ஆ முடிந்த கையோடு பள்ளிவாசல் தலைவரிடம் போனேன். "பொம்புளப்புள்ள இரிக்கிற வளவுக்குள்ள பக்கத்து ஹாஜியார் கமரா நீட்டுறார்" என்றேன். தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஹாஜியாருக்கு ஆள் அனுப்பினார்.

ஹாஜியார் கமராவைத் துவாயில் சுற்றிப் பச்சைப்பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் முகம் கறுத்தது. "பாருங்க" என்று மட்டும் சொல்லிக் கமராவை மேசையில் வைத்தார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு செவ்வரத்தம்பூ. இன்னொரு செவ்வரத்தம்பூ. ஒரு கிளை. ஓரத்தில் ஒரு வால் நுனி. மறுபடி பூ.

"ஹாஜியார், குருவி எங்க?"

"இப்பதான் போச்சி."

"இதில?"

"இதிலயும் இப்பதான்."

ஆயிரத்துச் சொச்சம் வெறும் பூக்கள். என் வளவும் இல்லை, மகளின் நிழலும் இல்லை. கடைசியில் தலைவரின் விரல் நின்றது. இரண்டு பூக்களுக்கு நடுவே, வாய் பிளந்து, ஒரு காதில் இலை ஒட்டிய ஒரு முகம். மீசை மயிரை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஆறு வருடத்தில் அவர் கமராவில் ஒழுங்காக விழுந்த ஒரே உயிர் நான்தான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் தலைவர். "இது என்ன குருவி?"

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "கமராவ வெளிய எடுக்க முதல் இவர் சிவப்புக் கொடி ஏத்துவார் சேர். அக்கம்பக்கத்துப் பொம்புளையள் உள்ளுக்குப் போக, முக்காட்டப் போட. முடிஞ்சா வெள்ளக் கொடி. ஆறு வருஷமா அந்த ஒழுங்கையில இதான் சட்டம். கொடி ஏறினதும் குருவி பறந்திரும், அதான் இவ்வளவு வெறும் பூ. எத்தின தரம் சொல்லிப் பார்த்திட்டம், கொடி இல்லாம எடுக்க மாட்டன் எண்டுறார். ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லியா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"சேருக்கு நேர சொல்லாம விட்டது என்ட பிழ" என்றார் ஹாஜியார். கமராவைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் மகள் வாசலிலேயே காத்திருந்தாள். செய்தி என்னை முந்தி வந்திருந்தது.

"நாம வந்த மறுநாளே அவரும் பெண்சாதியும் வந்து கொடி விஷயத்த உம்மாட்டச் சொல்லித்துப் போனாங்க வாப்பா. நீங்க அப்ப மாபிள் கடைக்காரனோட ஃபோன்ல சண்ட." குரலை இறக்கிச் சொன்னாள். "எனக்கு வாற மாப்பிள்ளைக்குக் கொழும்பில வேல, மாசத்துக்கு ரெண்டு தரம்தான் வருவார். நீங்களும் உம்மாவும் போயிருவீங்க. எனக்கு ஒண்டெண்டா பக்கத்தில யாரக் கூப்பிடுற?"

வருங்கால மாப்பிள்ளையின் பூர்வீகமெல்லாம் விசாரித்த எனக்கு, பக்கத்து வீட்டை விசாரிக்கத் தோன்றவில்லை. நல்ல பக்கத்து வீடு தானாகவே கிடைத்திருந்தது. அதை என் கையாலேயே மகளுக்கு இல்லாமலாக்கிவிட்டேன்.

அதன் பிறகு கொடி ஏறவில்லை. மீன்காரர் ஹாஜியார் வீட்டுக்கு முன்னாலேயே ஹோர்ன் அடித்தார். காற்று இஷ்டத்துக்கு ஆடியது. ஒரு காலை, எங்கள் செவ்வரத்தையில் ஒரு தேன்குருவி வந்து ஒரு முழு நிமிடம் அசையாமல் இருந்தது. படமெடுக்க ஆளில்லை.

கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும். நான்கு தடவை அவர் கேற்றடிக்குப் போனேன். முதல் தடவை வாசலில் அவர் செருப்பு இருந்தது, பயந்து திரும்பினேன். இரண்டாம் தடவை செருப்பு இல்லை, ஆளில்லை என்று மகிழ்ந்து திரும்பினேன். மூன்றாம் தடவை வராத ஃபோனுக்கு "ஹலோ" சொன்னபடி திரும்பினேன். நான்காம் தடவை மணியை அடித்தேன். அவர் மனைவி வந்து கேற்றைத் திறந்ததும், "மீன்காரர் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கேற் திறந்தது. மடிப்புக் கலையாத சேர்ட்டில் ஹாஜியார். கையில் கமரா இல்லை. நான் எழும்பினேன். இரண்டு வாரமாகப் பாடமாக்கிய மன்னிப்பைத் தொடங்க வாய் திறந்தேன். அவர் முன் விறாந்தையில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"எனக்கும் மூணு பொம்புளப்புள்ளையள், தம்பி. ஒங்கட இடத்தில நான் இருந்திருந்தா பள்ளிக்கெல்லாம் போயிருக்க மாட்டன், கல்லால எறிஞ்சிருப்பன். அத விடுங்க. கல்யாணத்துக்கு எத்தின பேருக்குச் சாப்பாடு? ஒங்கட வீட்டு முத்தம் காணாது. நம்மட வளவிலயும் பந்தல் போடுங்க, இடம் கிடக்கு."