மிஸ் வந்ததும் நில்

முதல் ஞாயிறே இரும்புலியூர் வேதக்கோயிலில் பாதிரி ஐயர் சத்தியநாதனுக்கு வேறொரு பெண்ணோடு ஓலை வாசித்துவிட்டார்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்தாக வேண்டும். அவனுக்கு நிச்சயித்திருந்தது கிருபாவை. வாசிக்கப்பட்டதோ சரோஜினி! அவள் பம்மல் லாசரசுக்கு நிச்சயமானவள். லாசரஸ் எழுந்த வேகத்தில் அதே பெஞ்சிலிருந்த நாலு பேர் தரையில் கிடந்தார்கள்.

குற்றவாளி சத்தியநாதனேதான். வருங்கால மாமனார் தனசிங் மெச்ச வேண்டுமே! கோயிலின் நீளமான இங்கிலீஷ் அறிவிப்புத் தாளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொடுத்து, ஜோடிப் பெயர்களை மட்டும் பிரித்தெடுத்துத் தருவதாகப் பீற்றியிருந்தான். எழுபத்து மூன்றில் கம்ப்யூட்டர் என்றால் அரை வீடு இருக்கும். முடுக்கினால் கிண்டி வரைக்கும் விளக்கு மங்கும். அதற்கு அவன் கொடுத்த, மாமனாருக்கும் கடிதம் போட்டு விளக்கிய விதி: ‘மிஸ்டரில் ஆரம்பி. மிஸ் வந்ததும், அடுத்த பெயரோடு நில்.’

மாலையே மன்னிப்புக் கேட்க தனசிங் வீட்டுக்கு ஓடினான்.

“நிக்கச் சொன்னேன் மாமா. நிக்காம ஓடிருச்சு.”

“அது என்ன மாப்ளே, மெஷினா, தாம்பரத்துல நிக்காத எக்ஸ்பிரஸ்ஸா?”

கிருபா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாளே விதியை மாற்றினான்: ‘டாட்டர் ஆஃப் என்று எங்கே வருகிறதோ, அதற்கடுத்த பெயரை எடு.’

இரண்டாம் ஞாயிறு ஐயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணீரென்று வாசித்தார். “சத்தியநாதனுக்கும் தனசிங்குக்கும் திருமணம். இதற்கு யாருக்காவது தடை உண்டா?”

“எனக்கு உண்டு!” தனசிங் அலறியதில் மணிக்கூண்டுப் புறாக்கள் படப்பைக்கே பறந்துவிட்டன.

வாசலில் கோயில் வேலையாள் ஏசுபாதம் பிடித்துக்கொண்டார். “இன்னா சார், பொண்ணு பாக்கப் போயி பொண்ணோட அப்பனைப் புடிச்சுகினு வந்துட்டியே!”

மாலையில் மறுபடி மன்னிப்பு.

“இன்னொரு தடவை தப்பு வந்துது, இந்தச் சம்பந்தமே வேண்டாம்!” என்று கர்ஜித்துவிட்டு தனசிங் உள்ளே போனார்.

காப்பியோடு நின்ற கிருபாவிடம் சத்தியநாதன் அழாக்குறையாகச் சொன்னான்: “அடுத்த வாரம் கையாலயே எழுதிக் குடுத்துடறேங்க.”

“வேணாம், மெஷின்லயே போடுங்க. பழைய விதியையே குடுங்க. சரியா வரும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஐயருக்கு அந்தத் தாளை டைப் அடிச்சுக் குடுக்கறது நான்தான். என் பேருக்கு முன்னால மட்டும் மிஸ் அடிக்காம விட்டேன்; இல்லாட்டி கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா உங்களை இந்த வாசப்படி ஏத்தியிருப்பாரா?”