அக்காவின் திருத்திய பதிப்பு

"அனுப்பப்பட்டது. நம்ம குடும்பம். முப்பத்தொரு பேர்."

கைபேசி இதைச் சொல்லி முடிப்பதற்குள் கதைக்காரருக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வியர்த்துவிட்டது. கதை போக வேண்டியது பத்திரிகை ஆசிரியருக்கு. போனது சித்தப்பா, பெரியம்மா, மச்சான், மச்சானின் மாமனார், எந்தக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை என்று கணக்கு வைத்திருக்கும் அத்தை, எல்லோருக்கும் மேலாக அக்கா. கதையே அக்காவைப் பற்றியதுதான். தலைப்பு 'நாவல் கொலைகாரி'.

கதைக்காரர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊராரின் சண்டைகளுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மாத இதழ்களில் நகைச்சுவைக் கதை எழுதுவார். விரல் படும் இடத்தில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் கைபேசி ஒன்று அவரிடம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் குரலை அவர் ஓடவிட்டிருந்த வேகத்தில் மற்றவர் காதுக்கு அது தையல் மெஷின் சத்தமாகத்தான் கேட்கும். அந்த வேகமும் அவருக்குப் போதவில்லை. குரல் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பது கௌரவக் குறைச்சல். எதை அனுப்பினாலும் யாருக்கு என்று வரும் பட்டியலில் முதல் இடம் எப்போதும் ஆசிரியருடையது, ஏனென்றால் இவர் அவரைத் தவிர யாரையும் தினம் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே கேட்காமலே முதல் இடத்தைத் தட்டிவிடுவார்.

இன்று காலை மச்சான் குடும்பக் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டிருந்தான். குழு முதல் இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

'பதறாதே' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பதறினார். அனுப்பியதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தார். குரல் "நீக்கு" என்று ஆரம்பித்ததும் டக் டக் என்று இரண்டு தட்டு. அப்புறம்தான் குரல் நிதானமாக வாக்கியத்தை முடித்தது.

"உங்களிடமிருந்து மட்டும் நீக்கப்பட்டது."

அதாவது, உலகத்திலேயே அந்தக் கதை இல்லாத ஒரே கைபேசி இப்போது அதை எழுதியவருடையது.

"ஏய்! சீக்கிரம் வா! குடி முழுகிப் போச்சு!"

மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "என்னங்க? கீழ விழுந்துட்டீங்களா?"

"இதுக்கு விழுந்திருக்கலாம். இந்தா, போனைப் பிடி. கடைசியா அழிச்சதைத் திரும்பக் கொண்டு வா. அப்புறம் எல்லார்கிட்ட இருந்தும் அழிக்கணும்."

"போன் செத்துப் போச்சுங்க. ஒரே இருட்டு."

"சாகல. நான்தான் திரையை அணைச்சு வச்சிருக்கேன். எனக்கு எதுக்கு வெளிச்சம்?"

"அப்ப நான் எதைப் பார்த்து அழிக்கறது? உங்க மூஞ்சியையா?"

ஓரத்தில் இருந்த பொத்தானை அவள் ஒரு அழுத்து அழுத்தினாள். அதுவரை சாகாத போன் அப்போது செத்தது. திரும்பப் பிழைத்தபோது ஆறு இலக்க ரகசிய எண் கேட்டது. இரண்டு வருடமாக விரல் ரேகையிலேயே காலம் தள்ளியவருக்கு எண்ணா ஞாபகம் இருக்கும்? திருமண நாளைப் போட்டுப் பார்த்தார். தப்பு. "அந்த நாளே உங்களுக்குத் தெரியாது. அதுக்கு மறுநாள்" என்றாள் மனைவி. அதுவும் தப்பு. கடைசியில் திறந்தது அவருடைய முதல் கதை அச்சான தேதி. மனைவி இதைக் குறித்து வைத்துக்கொண்டாள் என்பது அவள் மூச்சு விட்ட விதத்திலேயே தெரிந்தது.

திறந்து என்ன பயன்? போனது போனதுதான்.

மனைவி தன் கைபேசியை எடுத்து அந்தக் கதையைப் படிக்க ஆரம்பித்தாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் படிக்கும் முதல் கதை. இரண்டு இடத்தில் சிரித்தாள். அப்புறம் சத்தமே இல்லை.

"இதை நீங்களா எழுதினீங்க?"

"ஆமா. ஏன், நல்லா இல்லையா?"

"'அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவளைத் தவிர ஊருக்கே தெரியும்.' இதை அண்ணி படிச்சா என்ன ஆகும்?"

அவர் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு எழுத்தென்றால் அக்காவின் குரல். நாற்பது வருடம், வாரத்துக்கு மூன்று மத்தியானம், அக்கா வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பாள். வில்லன் வந்தால் குரல் கட்டிக்கொள்ளும். குழந்தை பேசினால் இவள் மழலை. யாராவது செத்தால் வாசிப்பு நிற்கும், மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கும், பக்கம் புரளும். பேசும் கைபேசி வந்த அன்று அவர் பெருமையாக, "இனிமே நீ அலைய வேணாம்க்கா. இது ஒரு எழுத்து விடாம வாசிக்குது" என்றார். அக்கா புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. "நல்லதா போச்சுடா" என்று எழுந்து போனாள். அதோடு சரி.

அப்புறம் அவர் பொழுது போகாமல், அக்கா வாசித்த புத்தகங்களையே கைபேசியில் மறுபடி கேட்டார். பழையவை எல்லாம் எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் கடைசி மூன்று வருடம் அவள் வாசித்த பதினொரு நாவல்கள் இருக்கின்றனவே, பதினொன்றும் வேறே கதை! அச்சில் கிணற்றில் விழுந்து செத்தவள் அக்காவின் வாசிப்பில் ரொட்டிக் கடை வைத்து மூன்று கிளை திறந்திருந்தாள். அச்சில் தூக்குக்குப் போன கைதி அக்காவிடம் நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். கடலிலிருந்து திரும்பாத அப்பா ஒருவர் கதவைத் தட்டி, "கொஞ்சம் நேரமாயிடுச்சு" என்றார். வயதான கொழுப்பு, தம்பிதானே என்ற இளக்காரம் என்று கதைக்காரர் கொதித்தார். அந்தக் கொதிப்பில் எழுதியதுதான் 'நாவல் கொலைகாரி'. மூக்குச் சிந்துவதற்கு மட்டும் ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தார்.

"ஏதாவது பண்ணுங்க" என்றாள் மனைவி.

பண்ணினார். குழுவுக்கு இன்னொரு செய்தி அனுப்பினார். "சற்று முன் வந்த கதையை யாரும் படிக்க வேண்டாம். குறிப்பாக அக்கா படிக்கவே கூடாது."

அந்தக் குடும்பத்தில் அவருடைய கதையை இதுவரை ஒருவரும் சீந்தியதில்லை. இந்தச் செய்தி போன மூன்றாவது நிமிடத்தில் இருபத்தாறு பேர் படித்து முடித்திருந்தார்கள். கைபேசி மூச்சுவிடாமல் அறிவித்தது. "சிரிப்பு முகம். கண்ணீருடன் சிரிப்பு முகம். கைதட்டல். கைதட்டல். வாய் பிளந்த முகம். பெரியம்மா: இது யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு." எழுத்தாளன் வாசகர்களைச் சேர்க்கும் வழி நாற்பது வருடத்துக்கு அப்புறம் அவருக்குப் பிடிபட்டது, பிடிபடவே கூடாத நாளில்.

மச்சான் அழைத்தான். "அத்தான்! பின்னிட்டீங்க! அந்த மூக்குச் சிந்தற இடம் இருக்கே, ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்."

"அடப்பாவி. அக்கா பார்த்திருப்பாங்களாடா?"

"பார்க்காம? நானே போன் பண்ணிச் சொன்னேன். 'உங்களைப் பத்தித்தான் எழுதியிருக்காரு, உடனே படிங்க'ன்னேன். நல்லது பண்ணினேனா?"

"ரொம்ப நல்லது. அப்படியே வந்து எனக்கு ஒரு கயிறும் வாங்கிக் கொடுத்துட்டுப் போ."

கைத்தடியை எடுத்துக்கொண்டு டாக்சியில் ஏறினார். திட்டம் எளிமையானது. அக்கா வீட்டுக்குப் போவது, பேச்சுக் கொடுப்பது, அவள் போனை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது. பார்வையில்லாதவர் கை தவறிப் போட்டார் என்றால் உலகம் நம்பும். இந்தச் சலுகையை வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்படுத்தத் தீர்மானித்திருந்தார்.

வண்டி திரும்பத் திரும்ப சிக்னலில் நின்றது. நிற்கும்போதெல்லாம் ஒரே ஞாபகம்தான் வந்தது. அந்தக் கிணற்றில் விழுந்தவளின் சாவைக் கைபேசி எப்படி வாசித்தது? புத்தகத்தின் பின்னட்டை விலையை வாசித்த அதே வேகத்தில், அதே குரலில். இவருக்கு அழுகை வரவில்லை. ரொட்டிக் கடை திறந்த அன்று அக்கா வாசித்ததற்கு அழுதிருந்தார். இதை ஏன் கதையில் எழுதவில்லை? எழுதினால் சிரிப்பு கெட்டுவிடும் என்று எடுத்துவிட்டார். கத்தரித்தது யார், கொலைகாரி யார்?

'கடவுளே, அவள் போன் ரிப்பேராக இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார்.

கதவைத் திறந்தது அக்காவின் மருமகள். "வாங்க மாமா. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

இவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரு, நம்ம எழுத்தாளரா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல். இரண்டு வருடத்துக்கு அப்புறம் நேரில். "வாடா. உட்காரு. உன் கதை வந்துச்சு."

"அக்கா, அதைப் பத்தித்தான்..."

"ரெண்டு தடவை ஆயிடுச்சு. ரெண்டு தடவையும் அழுதுட்டேன்."

"மன்னிச்சுடுக்கா."

"எதுக்குடா மன்னிப்பு? என்ன எழுத்து! அந்தத் தம்பி கடைசியில அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'போன் வாசிக்குது, ஆனா நீ வாசிச்சாத்தான் கதை'ன்னு சொல்றான் பாரு, அங்க எனக்குத் தாங்கவே முடியல."

கதைக்காரர் அப்படி ஒரு வரி எழுதவே இல்லை. அவர் எழுதிய கடைசி வரியில் அக்கா நாவல்களின் ஆவிகளால் துரத்தப்பட்டுத் தெருவில் ஓடுகிறாள். குத்திக் காட்டுகிறாள் என்று புரிந்தது. மெதுவாக, நோகாமல், ஊசி ஊசியாக.

"அக்கா, இப்படிப் பேசாதே. நேரா ரெண்டு அறை விட்டுடு. வாங்கிக்கறேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? ஏம்மா, இவனுக்குக் காபி கொடு. டாக்சியில வந்தது மண்டையைக் குழப்பிடுச்சு."

"நான் அப்படி எழுதவே இல்லக்கா! நான் எழுதினது..."

"ஐயோ மாமா, சட்டையில காபி!" என்று மருமகள் கத்தினாள். இவர் சட்டையைத் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. காபியே இன்னும் வரவில்லை.

"தலைப்பு மட்டும் எனக்குப் பிடிக்கலடா" என்றாள் அக்கா.

'வந்தது' என்று கண்ணை மூடிக்கொண்டார், வழக்கம்போல.

"'அன்புள்ள அக்கா'ன்னு வச்சிருக்கியே, ஒரே இனிப்பா இருக்கு. கொஞ்சம் காரமா ஏதாவது வை."

காரமா! அவர் வைத்த தலைப்பின் காரத்துக்கு ஊரே இருமிக்கொண்டிருந்தது.

"உன் போன் நல்லா வாசிக்குதா?" அக்கா பேச்சை மாற்றினாள்.

"வாசிக்குதுக்கா."

"அழுவுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன வாசிப்பு." அவள் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "என் வாசிப்புல நீ ஏதாவது குறை கண்டுபிடிச்சுட்டியோன்னு நினைச்சேன்டா. அதனாலதான் வர வேணாம்னு சொல்லிட்டியோன்னு. ரெண்டு வருஷமா அதே யோசனை. இன்னைக்குத்தான் நிம்மதி."

இனி தாங்காது, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவதுதான் சரி. "அக்கா, குறை கண்டுபிடிச்சேன்தான். ஆனா..."

"மாமா, டாக்சி வந்துடுச்சு!" மருமகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் டாக்சி கூப்பிடலையேம்மா!"

"அதனால என்ன, கூப்பிட்டா வந்துடும். வாங்க."

"அடுத்த வாரம் வாடா" என்று பின்னாலிருந்து அக்கா சொன்னாள். "ஏதாவது புத்தகம் கொண்டு வா. வாசிக்கறேன்."

வாசலுக்கு வந்ததும் அவர் கையை உதறிக்கொண்டார். "என்னம்மா நடக்குது இந்த வீட்டுல? அக்காவுக்கு வந்த கதையை யாரு மாத்தினது? அவ எதைப் படிச்சுட்டு அழுதா?"

மருமகள் கதவைச் சாத்தினாள். அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க மாமா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. புத்தக எழுத்து அத்தை கண்ணுக்குத் தெரியாமப் போய் அஞ்சு வருஷமாச்சு. உங்க கதையை நான்தான் வாசிச்சேன், அவங்க உங்களுக்கு வாசிச்ச மாதிரியே."